கவர்னரை ‘நீ’ என்று அழைத்த கவிதை

பாரசீகத்தின் புஷயர் துறைமுகத்தில் கால் வைத்த அன்றே என் பாரசீக மொழி செத்துப்போனது. சுங்கச் சாவடியில் நின்ற ஆளிடம், மலை நாட்டுக்கு லாரி எந்த நாள் புறப்படும் என்று விசாரித்தேன். நாளுக்கு ‘ரோஸ்’ என்றேன். நான் படித்ததும் படிப்பிப்பதும் அதுதான். அவன் கையிலிருந்த சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, “ஓடி வா! இங்கே ஒரு கல்லறை பேசுகிறது!” என்று தன் கூட்டாளியைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் சேர்ந்து என்னை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். அங்கே இப்போது அது ‘ரூஸ்’ ஆம். என் ஏகாரமும் ஓகாரமும் அவர்கள் தாத்தாக்களின் தாத்தாக்களோடு மண்ணுக்குள் போய்விட்டனவாம்.

நான் கோட்டாற்றுக்காரன். நாகர்கோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாரசீகம் சொல்லிக்கொடுக்கிறவன். வீதியில் யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. முன்ஷி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வினை விகுதி பிசகினால் பரீட்சைத் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டுத் தாளையே கிழிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயரும் உண்டு. அப்படிப்பட்டவனைப் பார்த்துக் கல்லறை என்றார்கள்.

போன காரியம் வேறு. என் தங்கை பாத்திமாவை இனயத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் மாப்பிள்ளை மீரான் பாரசீகத்தில் ஒரு தந்தி ஆபீஸில் குமாஸ்தா. இரண்டு கோடைக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவன், அந்தத் தடவை வரவில்லை. அதே ஆபீஸில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய குளச்சல்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “உங்க மச்சானுக்க தலைக்கு என்னமோ ஆயிப்போச்சு முன்ஷி. சாயாக்கடையில பெஞ்சு மேல ஏறி நின்னு பாட்டுப் பாடுகாரு. ஆளுவ கூடி நின்னு சிரிக்கானுவ.”

எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பாத்திமா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “காக்கா, அவுக பைத்தியமா இருந்தாலும் செரி, எப்படி இருந்தாலும் செரி, கூட்டிட்டு வந்துருங்க” என்றாள். பள்ளி விடுமுறையில் புறப்பட்டுவிட்டேன்.

மீரான் இருந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் படிக்கப் படிக்கத் தெரியும். கடற்கரையிலிருந்து மலை ஏறிப் போகவேண்டிய பெரிய ஊர் என்பது போதும்.

லாரியில் சர்க்கரை மூட்டை. மூட்டைகளுக்கு மேல் நாங்கள். எங்களுக்கு மேல் சூரியன். டிரைவர் அர்மீனியன், பெடலை மிதிக்கும்போதெல்லாம் கர்த்தரைக் கூப்பிட்டான். ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்தவனுக்கு மலை என்றால் காற்றும் பச்சையும்தான். இங்கே மலை, தோல் உரித்த மாட்டின் விலா எலும்புபோல் கிடந்தது. புல் கிடையாது. கீழே பாதாளம். முதல் ஏற்றத்திலேயே எஞ்சின் கொதித்துப் புகைந்தது. டிரைவர் இறங்கி, எங்கள் எல்லாருடைய தண்ணீர்ப் பைகளையும் பிடுங்கி எஞ்சினுக்கு ஊற்றினான். என் பக்கத்தில் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்த கிழவி, சோம்பேறி மருமகளை ஏசுவதைப்போல எஞ்சினை ஏசினாள். அவள் ஏசியதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. மற்ற எல்லாரும் விலா நோகச் சிரித்தார்கள். பாரசீகம் படிப்பிக்கிற ஒரே ஆள் அந்த லாரியில் நான்தான். விளங்காமல் விழித்த ஒரே ஆளும் நான்தான்.

வண்டி குளிர்வதற்காகப் பாறை நிழலில் உட்கார்ந்தோம். கூழாங்கல்மேல் சுட்ட ரொட்டியைப் பகிர்ந்து தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். கல் ஒன்று அதில் ஒட்டியிருந்ததைப் பல் கண்டுபிடித்தது. புதினா போட்ட மோர் வந்தது. உப்பு இருந்தது, புளிப்பு இருந்தது, மிளகாய் என்ற பேச்சே கிடையாது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் நினைவுக்கு வந்தன.

அப்போதுதான் முலாம்பழ வியாபாரி ஒருவன் எழுந்து நின்று, மார்பில் கை வைத்து, கவிதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தான். அந்தத் தேசத்தில் இது சாதாரணம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராஜாக்களைப் புகழ்ந்து பழைய புலவர்கள் பாடுகிற கம்பீரமான சந்தம். முதல் அடியின் நடையே எனக்குக் கண்ணில் நீர் வரவழைத்தது. அடுத்த கணம் சொற்கள் காதில் விழுந்தன. தமிழில் எப்படிச் சொன்னால் அந்தக் கோணல் தெரியும் என்று யோசித்து இப்படி எழுதுகிறேன்:

“கவர்னரே, நீ வந்தான், என் வீடு பார்த்தான்.
பாதி ரோட்டுக்குத் தந்தான், பாதி எனக்குத் தந்தான்.
அடுப்பு இங்கே இருக்கிறான், பானை அங்கே இருக்கிறான்,
நான் சோறு தின்ன ரோடு தாண்டிப் போகிறான்.
மோட்டார் வருகிறான், ‘ஒதுங்கு’ என்கிறான்.
நான் சொல்கிறான்: கவர்னரே, நீ ஒதுங்கு, இது என் சமையல் அறை.”

என் உடம்பு எரிந்தது. ‘நான் போகிறான்’ என்று எந்த மொழியில் உண்டு? ‘நீ வந்தான்’ என்று எழுதியவனை என் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றுவேன். அதைவிட மோசம், கவர்னரை ‘நீ’ என்றது. மரியாதைச் சொற்களுக்குப் பெயர்போன மொழி அது. ‘தங்கள் திருவடித் தூளாகிய அடியேன்’ என்று தொடங்காமல் ஒரு பெரிய மனிதருக்குக் காகிதம் எழுத முடியாது. அத்தர்க் குப்பியில் மீன் பொரித்ததைப்போல இருந்தது எனக்கு. கேட்டவர்களோ தொடையில் தட்டிச் சிரித்தார்கள். கோழிக் கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்த கண்ணீரா, வேறா என்று தெரியவில்லை.

“இதை எழுதினது எந்த மடையன்?” என்று கேட்டேன்.

“ஒரு ஹிந்தி” என்றான் வியாபாரி. அங்கே இந்தியர்களை அப்படித்தான் சொல்வார்கள். “எங்கள் ஊர்த் தந்தி ஆபீஸில் இருக்கிறான். இலக்கணமே தெரியாது. ஆனால் அவன் சொன்னால் ஊரே சொல்கிறது.”

அந்த ஹிந்தி மீரானாக இருக்கக்கூடாது என்று மீதி மலை முழுவதும் வேண்டிக்கொண்டே போனேன்.

ஊருக்குள் லாரி நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை தொப்பிகள். ஆண்கள் எல்லாரும் முன்பக்கம் விளிம்பு நீண்ட ஒரே மாதிரித் தொப்பி வைத்திருந்தார்கள். சர்க்கார் உத்தரவாம். கசாப்புக்கடைக்காரனுக்கும் ஹக்கீம் வைத்தியருக்கும் ஒரே தொப்பி. என் தலைப்பாகையைப் பார்த்ததும் ஒரு போலீஸ்காரன் பக்கத்தில் வந்தான். நான் வாயைத் திறந்து பழைய பாரசீகத்தில் இரண்டு வாக்கியம் பேசியதும், வெளிநாட்டான் என்று தெரிந்து சிரித்தபடியே போய்விட்டான். ஊர் நடுவே பழைய சந்துகளை இடித்து, நேராக ஒரு பெரிய சாலை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் அறுபட்ட வீடுகள். ஒரு வீட்டின் மாடிச் சுவரில், தெருவைப் பார்த்தபடி, நீலச் சாயம் பூசிய மாடம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இன்னும் ஒரு விளக்கு இருந்தது.

மீரானைக் காப்பிக்கடையில் கண்டுபிடித்தேன். காப்பிக்கடை என்றுதான் பெயர். காப்பி கேட்டால் விழிப்பார்கள், தேயிலைதான் தருவார்கள். பைத்தியத்தைத் தேடிப் போனவனுக்குக் கிடைத்த ஆள், நன்றாகச் சதை போட்டு, மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, கன்னத்தில் சர்க்கரைக்கட்டியை அதக்கித் தேயிலை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

“மச்சானா? எப்பம் வந்திய? பாத்திமா எப்படி இருக்கா? வல்லதும் குடிச்சியளா?” என்று எழுந்து கட்டிப்பிடித்தான். இனயத்துப் பேச்சு; பாதி மலையாளமும் ராகமும். அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

“வே, மீரான். நீரு இங்க என்ன செய்துகிட்டு இருக்கீரு? லாரியில ஒருத்தன் ஒம்ம பாட்டைச் சொல்லுகான். நான் போகிறான், நீ வந்தான். என்னவே அது? நாலு வருஷமா இங்க இருந்தும் விகுதி படிக்கேலியா?”

அவன் முகம் மலர்ந்தது. “லாரியிலயா? மலைக்கு மேலயா? ஜவாத், கேட்டியா!” என்று பாரசீகத்தில் பக்கத்திலிருந்தவனிடம் கத்தினான். அந்தப் பாரசீகம் சரளமாக ஓடியது. விகுதி ஒன்றும் பிசகவில்லை. எனக்குத் தலை சுற்றியது.

ஜவாத் என்பவன் ஒல்லியான அச்சுக்கூடக்காரன். விரல்களில் மை. கல்யாணப் பத்திரிகையும் கடை விளம்பரமும் அச்சடிப்பது அவன் பிழைப்பு. மாதம் ஒருமுறை ஒற்றைத் தாளில் கேலிப் பாட்டுகள் வெளியிடுவான். அந்த அறுபட்ட வீடு, நீல மாடம் தொங்குகிற வீடு, அவனுடையது. மறுநாள் காலை எங்களை அங்கேதான் சாப்பிடக் கூட்டிப்போனான். ஆட்டுத்தலையும் காலும் விடிய விடியக் கொதித்த சூப், உண்மையாகவே பிரமாதம். அடுப்பு சுவருக்கு இந்தப் பக்கம். சுவர் இருந்த இடத்தில் ஒரு கம்பளத்தைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மோட்டார்கள் ஓடின. ஒவ்வொரு தடவையும் கம்பளம் உப்பி வந்து எங்கள் முதுகைத் தொட்டது. ஜவாதின் மனைவி திரைக்குள் முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு ரொட்டி சுட்டாள். கம்பளம் விலகும்போதெல்லாம் தெருவில் போகிறவர்கள் அவள் கையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். வேறு ஆண் கண் படாத அடுக்களையாக இருந்ததாம் அது.

“நஷ்டஈடு கேட்கவில்லையா?” என்றேன்.

“கேட்டேன். எழுதிக் கொடுத்தேன். உங்களைப்போலவே அழகான பாரசீகத்தில்” என்றான் ஜவாத். “கவர்னரின் சமூகத்துக்கு, சூரியனுக்கு நிகரான, மேகத்துக்கு நிகரான என்று தொடங்கி, ஒரு பக்கம் முடிந்தபோது என் வீட்டைப் பற்றி எழுத இடம் இல்லை.”

மீரான் குறுக்கிட்டான். தமிழில்தான் பேசினான். “அதுதான் மச்சான் காரியம். இவன் ஊருக்காரன் ‘நீங்கள்’னு தொடங்குனா, அது முடியதுக்குள்ள அவனுக்குப் பயம் வந்துரும். தாங்கள், சமூகம், அடியேன்னு எல்லாத்தையும் சொல்லி முடிக்கும்போ சொல்ல வந்தது செத்துக் கிடக்கும். ஹிந்திக்கு அதொண்ணும் தெரியாதுல்லா? அவன் நேரா ‘நீ’ம்பான். அவன்கிட்டக் கோவப்பட ஒக்குமா? படிக்காத பய.”

அதை மீரான் பாரசீகத்தில் பெயர்த்துச் சொன்னதும், “நான் எழுதினால் சரியாக வந்து தொலைகிறது. மீரான் வாய்க்குள் போய் வந்தால்தான் உயிர் வருகிறது” என்றான் ஜவாத்.

எனக்கு மனம் ஆறவில்லை. “ஒரு பாஷையை நாசமாக்கியா நியாயம் கேட்பது? நாளைக்கு இவன் பிள்ளைகள் ‘நான் போகிறான்’ என்று பேசினால்?” என்று கேட்டேன். பேச்சு தடித்தது. கடைசியில் மீரான் போன மாதத் தாளை என் முன்னால் தூக்கிப் போட்டு, “திருத்துங்க மச்சான். சிவப்பு மை வேணுமா?” என்றான்.

திருத்தத்தான் உட்கார்ந்தேன். முதல் அடியில் ‘வந்தான்’ என்பதை ‘வந்தீர்கள்’ ஆக்கினேன். சந்தம் உடைந்தது. ‘வந்தாய்’ ஆக்கினேன். அப்போதும் ஓர் அசை தூக்கிக்கொண்டு நின்றது. ‘நான் போகிறான்’ என்பதைச் சரிசெய்தேன், இயைபு போயிற்று. தாள் முழுவதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு பிழையும் பழைய புலவர்கள் வகுத்த அளவுக்குள் அரிசி மணி பிசகாமல் உட்கார்ந்திருந்தது. பிழையைத் திருத்தினால் செய்யுள் பிழையாயிற்று. சந்தத்தை இப்படிப் பிடித்தவன் விகுதி தெரியாதவனாக இருக்க முடியாது. இது எனக்குத் தெரிகிறது என்றால் படித்த எவனுக்கும் தெரியும். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். “மீரான், இன்னைக்கே பெட்டியைக் கட்டும்” என்றேன்.

அவன் சிரித்தான். நடுப்பகலில் தொழுகை முடிந்து வரும்போது, அச்சுக்கூடத்து வாசலில் மூன்று போலீஸ்காரர்கள் நின்றார்கள். அவன் சிரிப்பு நின்றது. அவனையும் ஜவாதையும் கூட்டிப் போனார்கள். ஜவாதின் மனைவி கம்பளத்தை விலக்கிக்கொண்டு நடுச்சாலையில் வந்து நின்றாள். தலை முக்காடு நழுவியது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மோட்டார்காரன் அவளைப் பார்த்து ஹாரன் அடித்தான். அவள் ஒதுங்கவில்லை.

அடுத்த நாள் காலை எனக்கே ஆள் வந்தது. போலீஸ் அதிகாரியின் அறை. சுவரில் தேசப்படம், மேசையில் என் எதிரே தேயிலை. அதிகாரி நரைத்த மனிதர். நான் பேசியதும் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார்: கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “எவ்வளவு காலமாயிற்று இப்படிப் பாரசீகம் கேட்டு!” என்றார். எனக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் மரியாதை. அது மகிழ்வதற்கான நேரமாக இல்லை.

விஷயத்தைச் சொன்னார். கவர்னரை ஒருமையில் அழைத்து அச்சிட்டது அவமதிப்பு. வேண்டுமென்று செய்திருந்தால் இருவருக்கும் சிறை. எத்தனை வருஷம் என்பது கவர்னரின் கோபத்தைப் பொறுத்தது. பாஷை தெரியாத அந்நியன் உளறியது என்றால், அந்நியனை ஊரைவிட்டு அனுப்பலாம், அச்சடித்தவனை எச்சரித்து விடலாம். உள்ளூர்ப் பண்டிதர்களைக் கேட்டதற்கு ஒருவரும் கருத்துச் சொல்ல வரவில்லை. “நீங்கள் இலக்கணம் படிப்பிக்கிறவர், அதிலும் அந்நியர். படித்துப் பார்த்து எழுதிக் கொடுங்கள். இந்த மனிதனுக்குப் பாரசீகம் தெரியுமா, தெரியாதா?”

மீரானைக் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தினார்கள். மீசை கலைந்திருந்தது. அதிகாரி பாட்டை மெதுவாக வாசித்தார், முதலிலிருந்து கடைசிவரை, முகத்தில் ஒன்றும் இல்லாமல். வாசித்து முடித்ததும் என்னைப் பார்த்தார்.

பிள்ளைகளின் தாளில்கூட நான் பொய்க்கு மார்க் போட்டதில்லை. எழுதினேன். ‘இந்த மனிதருக்கு வினையும் விகுதியும் தெரியாது. ஒருமை பன்மை தெரியாது. மரியாதைச் சொற்கள் அறவே தெரியாது. இதில் கவிதை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.’ எழுதியதை உரக்க வாசிக்கச் சொன்னார் அதிகாரி. வாசித்தேன்.

மீரான் வெடித்துவிட்டான். கோபத்தில் அவனுக்கு வந்தது தமிழ், அல்லாஹ்தான் காப்பாற்றினான். “என்னத்தப் பறையிய மச்சான்? எனக்குத் தெரியாதா? இதுல கவிதை இல்லியா? அவர்ட்டச் சொல்லுங்க, ஒவ்வொரு சொல்லும் தெரிஞ்சுதான் எழுதுனேன்னு சொல்லுங்க! ஜெயில்னா ஜெயில்!”

அவன் பாரசீகத்தில் வாயைத் திறக்க ஒரு மூச்சு போதும். நானும் தமிழில் சொன்னேன். சத்தம் போடாமல், வெற்றிலை வாங்கச் சொல்வதுபோலச் சொன்னேன். “ஒமக்கு ஜெயில் பெருமையா இருக்கும். ஜவாதுக்க பெண்டாட்டி நேத்து ரோட்டுல நின்னா. வாயைத் தொறக்கதுக்கு முன்ன அவளை நெனச்சுக்கிடும்.”

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் அதிகாரி.

நான் பதில் தேடுவதற்குள் மீரானே முன்னால் ஓர் அடி வந்தான். கண்ணில் நீர் நின்றது. பாரசீகத்தில், அந்தக் கோணல் பாரசீகத்தில் சொன்னான்:

“நான் வீட்டுக்குப் போகிறான். நான் பெண்டாட்டி அங்கே அழுகிறான். நீ விடு.”

வாசலில் நின்ற போலீஸ்காரன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அதிகாரி மேசையைப் பார்த்துக் குனிந்து, கையெழுத்துப் போட்டு, மீரானை வெளியே கொண்டுபோகச் சொன்னார். பாட்டில் மட்டுமே இருந்த அந்த ஹிந்தி உடம்பும் உயிருமாக என் கண் முன்னால் நடந்து போனான்.

நானும் எழுந்தேன். அதிகாரி உட்காரச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்த தாளின் மையை ஊதி உலர்த்தி, இரண்டாக மடித்தார்.

“முன்ஷி, நான் வாசித்தபோது உங்கள் விரல் என் மேசையில் சந்தம் தட்டிக்கொண்டிருந்தது” என்றார். “ஓரிடத்திலும் தவறவில்லை. தெரியாதவன் உளறினதற்கு விரல் அப்படிப் போகுமா?”

மேசையில் கிடந்த என் கையை, யாருடைய கையையோ பார்ப்பதைப்போலப் பார்த்தேன்.

அவர் தாளை இழுப்பறைக்குள் வைத்துச் சாவியைத் திருப்பினார். “அந்தச் சாலையில் எங்களுக்கும் ஒரு வீடு இருந்தது. நாளைக் காலை லாரி போகிறது. உங்கள் மச்சானுக்குப் பாரசீகம் தெரியாமலே இருக்கட்டும்.”

ஜவாதை விட்டுவிட்டார்கள், அச்சுக்கூடத்துக்கு மட்டும் அரக்கு முத்திரை வைத்துப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் ஜவாத் லாரி அருகே வந்து, மீரானின் கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டான். என் கையில் ஒரு முலாம்பழத்தை வைத்து, நான் சொல்லியிருந்த துறைமுகக் கதையை மறக்காமல், “கல்லறை ஐயா, நல்ல பொய்யைக்கூட இவ்வளவு சுத்தமான இலக்கணத்தில் எழுதினீர்களே!” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். லாரி கிளம்பியபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவனைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை.

மலை இறங்கும் மட்டும் மீரான் என்னோடு பேசவில்லை. கப்பலிலும் பேசவில்லை. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். கறுத்த கடல் மாறி நம் பக்கத்துப் பச்சைக் கடல் வந்த அன்று மத்தியானம், முகத்தைத் திருப்பாமல் கேட்டான். “மச்சான், அந்தத் தாளு முழுசும் படிச்சியளே. நிசமாவே தப்பு ஒண்ணாவது உண்டுமா?”

“ஒண்ணுகூட இல்லைவே” என்றேன்.

அவன் கம்பியில் நெற்றியை வைத்து அழுதான். போலீஸில் நின்றபோதுகூட அப்படி அழவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றேன்.

இனயத்தில் அவனைக் கண்டதும் பாத்திமா உள்ளே ஓடி, சாளைமீன் குழம்பும் மரச்சீனியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் ஒவ்வொரு வாய் தின்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பைத்தியம் தெளிந்துவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். தேங்காய் வியாபாரத்தில் உட்கார்ந்தான். நானும் கோட்டாற்றுக்குத் திரும்பி வகுப்புகளைத் தொடங்கினேன்.

மழைக்காலம் முடிந்த சமயம், இனயத்துப் பள்ளிவாசல் பெரியவர்கள் நால்வர் என் வீட்டுக்கு வந்தார்கள். முகங்கள் கறுத்திருந்தன. கரைக்குப் போகிற பாதையை மறித்து ஒரு முதலாளி மதில் கட்டினாராம். வள்ளக்காரர்கள் மீன் கூடையோடு ஊரைச் சுற்றி வரவேண்டியிருந்ததாம். கந்தூரி விழா அன்று, எல்லாரும் பயபக்தியோடு பாடுகிற மெட்டில், மீரான் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டானாம்.

“என்ன பாட்டு?” என்றேன்.

“அதை எங்க வாயால சொல்ல ஒக்குமா முன்ஷி? தமிழா அது? கரையில மீன் பெறக்குதவன் பேசுக பேச்சு. மொதலாளியைப் பாத்து ‘ஏலே, மதிலுக்க உள்ள இருக்கவனே’ன்னுல்லா தொடங்குகு! இப்பம் மீன் ஏலம் போடும்போ அதைத்தான் பாடுகானுவ. பாரசீகத்துல போயி படிச்சது இதுதானா?”

அவர்களுக்குப் பின்னாலேயே பாத்திமா வந்திருந்தாள். வில்வண்டியிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே என் முன்னால் வந்து நின்றாள். பெரியவர்கள் இருப்பதையும் பார்க்கவில்லை.

“காக்கா,” என்றாள், மூச்சு வாங்க. “ஒங்களைக் கையெடுத்துக் கும்பிடுகேன். இவுகளை எங்க இருந்து கூட்டிட்டு வந்தியளோ, அங்ஙனயே கொண்டு விட்டுருங்க.”